பந்து யார் கைக்கு வந்தது?

‘முதல்’ என்ற சொல்லின் மீது எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. முதல் நீதிபதி, முதல் துணைவேந்தர், முதல் மேலாளர். மாலை போடுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். தப்பில்லை. நானும் ஒட்டியிருக்கிறேன். ஆனால் மாலை வாடினதுக்கு அப்புறம் அந்த மனிதருக்கு என்ன ஆச்சு என்று யாராவது கேட்டோமா? அவர் மேசைக்கு எந்தக் கோப்பு வந்தது, எது வராமலேயே சுற்றிக்கொண்டு போனது என்று பார்த்தோமா?

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் நம்ம ஊர்க்காரர் இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பர். தொழில்முறைக் கூடைப்பந்து ஆடியவர். சார்லஸ் ஹென்றி கூப்பர். சக் கூப்பர் என்றால்தான் அங்கே தெரியும். கூடைப்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நான் வங்கிக் குமாஸ்தா, கவிதை எழுதுகிறவன், உயரமும் கிடையாது. கடைசிக் காலத்தில் இந்த மனிதர் ஒரு வங்கியில் வேலை பார்த்தார் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

முதலில் அவர்கள் சொல்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1950 ஏப்ரல் 25. என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பின் முதலாளிகள் கூடி, கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களைப் பங்கு பிரித்துக்கொள்கிற நாள். இரண்டாம் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் முதலாளி வால்டர் பிரவுன் முறை வருகிறது. ‘டியூகேன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கூப்பர்’ என்கிறார். அதுவரை அந்த அமைப்பில் எந்த அணியும் ஒரு கறுப்பரை இப்படித் தேர்ந்தெடுத்ததில்லை. ‘அவன் கறுப்பன் என்று தெரியுமில்லையா?’ என்று இன்னொரு முதலாளி கேட்கிறார். கோடு போட்டவனோ, கட்டம் போட்டவனோ, புள்ளி வைத்தவனோ எனக்குக் கவலையில்லை என்கிற மாதிரி பிரவுன் பதில் சொன்னதாகக் கதை.

நல்ல கதைதான். கைதட்டலாம். ஆனால் கவனியுங்கள் தோழர்களே, இந்தக் கதையின் நாயகன் யார்? பிரவுன். கூப்பர் அந்த அறையிலேயே இல்லை. கதவைத் திறந்தவரைப் பற்றிப் பேசுகிறார்கள். கதவைச் சாத்தி வைத்திருந்தது யார் என்ற கேள்வி கதைக்குள் வருவதே இல்லை. திறந்ததும் சாத்தியிருந்ததும் ஒரே கூட்டம்தானே?

பிரவுனைச் சின்னவராக்குவது என் நோக்கமில்லை. அன்றைக்கு மற்றவர்கள் சொல்லத் தயங்கியதை அவர் சொன்னார். அதற்கான மதிப்பு அவருக்கு உண்டு. ஆனால் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் வெறும் மனசு மட்டுமா? பணமும்தான். அன்றைக்குக் கறுப்பு ஆட்டக்காரர்களை வைத்துப் பெரிய அளவில் காசு பார்த்துக்கொண்டிருந்தது ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற அணி. அதன் முதலாளி ஏப் சேப்பர்ஸ்டீன் ஒரு வெள்ளையர். அந்த அணி ஆடும், கூடவே கோமாளித்தனமும் செய்யும். வெள்ளைக்காரக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். வெறும் கோமாளிகளா என்றால் அதுவும் இல்லை. 1948 பிப்ரவரியில் சிகாகோவில் 17,823 பேர் பார்த்துக்கொண்டிருக்க, அன்றைய பெரிய வெள்ளை அணியான மினியாபோலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று தோற்கடித்தார்கள். ஜெயிக்கத் தெரிந்தவர்களைத்தான் சிரிக்க வைக்கச் சொல்லிச் சோறு போட்டார்கள். என்.பி.ஏ. முதலாளிகள் தங்கள் ஆட்டத்தோடு சேர்த்து இந்த அணியின் ஆட்டத்தையும் ஒரே இரவில் வைத்து அரங்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சேப்பர்ஸ்டீனைப் பகைத்துக்கொண்டால் சீட்டு விற்காது. கூப்பரை எடுத்ததும் பாஸ்டன் அரங்கத்துக்கு இனி என் அணி வராது என்று அவர் மிரட்டினார். கறுப்பரை உள்ளே விடாததில் நிறவெறியும் கணக்குப் புத்தகமும் ஒன்றாகவே கையெழுத்துப் போட்டிருந்தன.

‘அதுக்கு முன்னாடி தகுதியான ஆள் கிடைக்கலை’ என்று ஒரு பேச்சு வரும். எந்த ஊரானாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். அதனால் இன்னும் பின்னாடி போவோம்.

1902 நவம்பர் 7. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் நகரம். பக்கி லூ என்ற 18 வயதுக் கறுப்பு இளைஞரை உள்ளூர் தொழில்முறை அணி ஒன்று சேர்த்துக்கொள்கிறது. சேர்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வைக்கிறது. ஆட்டத்தில் ஒருத்தருக்கு அடிபடுகிறது. அப்பவும் லூவை இறக்கவில்லை. ஐந்து பேர் ஆட வேண்டிய இடத்தில் நாலு பேரோடு ஆடினாலும் பரவாயில்லை என்று பார்க்கிறார் மேலாளர். கூட்டம் கத்திக் கலாட்டா செய்த பிறகுதான் லூ களத்துக்குள் போகிறார். வயதான காலத்தில், 1958இல், லூ தாமே இதைச் சொன்னார். ஆளில்லாத இடத்தைக்கூட நமக்குத் தர மாட்டார்கள். காலியாகவே கிடக்கட்டும் என்று விடுவார்கள். நிரப்பப்படாத பணியிடங்களைப் பற்றிப் பேசுகிற நண்பர்கள் பக்கி லூவை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 1923. நியூயார்க்கின் ஹார்லெமில் ராபர்ட் டக்ளஸ் என்ற கரீபியத் தீவுக் கறுப்பர் ‘நியூயார்க் ரெனசான்ஸ்’ அணியைத் தொடங்குகிறார். முதலாளியும் கறுப்பர், ஆட்டக்காரர்களும் கறுப்பர். கோமாளித்தனம் கிடையாது. 1932-33இல் தொடர்ந்து 88 ஆட்டங்கள் ஜெயித்தார்கள். 1939இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் வெள்ளை அணியான ஆஷ்காஷை 34-25 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். பட்டம் கையில் இருந்தது, தங்க விடுதி கிடைக்காது. 1946இல் வெள்ளை முதலாளிகள் சேர்ந்து, பின்னால் என்.பி.ஏ. ஆன அந்தப் புதிய அமைப்பைத் தொடங்கியபோது அதில் இந்த அணிக்கு இடமில்லை. தகுதி இல்லையாம்! உலகப் பட்டம் வாங்கியவனுக்குத் தகுதி இல்லையாம்!

இந்தப் பின்னணியில்தான் கூப்பர் வருகிறார். 1926இல் பிறந்தவர். போர்க் காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டு டியூகேன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1946 டிசம்பரில் ஓர் இரவு. டென்னசி பல்கலைக்கழக அணி ஆட வந்திருக்கிறது. டியூகேன் அணியில் ஒரு கறுப்பர் இருக்கிறார் என்று தெரிந்ததும், அவரை இறக்கினால் நாங்கள் ஆட மாட்டோம் என்கிறார்கள். டியூகேன் பயிற்சியாளர் சமரசம் பேசுகிறார்: ரொம்பத் தேவைப்பட்டால் ஒழிய இறக்க மாட்டேன். டென்னசிக்காரர்கள் அதற்கும் ஒப்பவில்லை. டியூகேன் மேற்கொண்டு இறங்கிப் போக மறுத்தது. ஆட்டமே ரத்தானது.

டியூகேன் நின்றது, பெரிய விஷயம்தான். ஆனாலும் நடுவில் வந்த அந்தச் சமரசம் என் தொண்டையில் சிக்கிக்கொண்டே இருக்கிறது. ‘ரொம்பத் தேவைப்பட்டால் ஒழிய.’ நமக்கு நல்லது செய்கிறவர்களின் வாயிலிருந்தே இந்த வாக்கியம் எத்தனை முறை வந்திருக்கிறது! அந்தப் பேரம் நடந்தபோது கூப்பருக்கு இருபது வயது.

அதே 1946இல்தான் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தார். அண்ணல் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமை ஒட்டித்தான் இருக்கிறது. கூப்பரின் கதையை நாம் வெளியூர்ச் செய்தியாகப் படிக்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். தபால் அப்போதே போய் வந்துவிட்டது.

சரி, கூப்பர் உள்ளே போய்விட்டார். 1950இல் மூன்று பேர் உள்ளே போனார்கள். பாஸ்டனுக்குக் கூப்பர். வாஷிங்டனுக்கு ஏர்ல் லாயிட். குளோப்டிராட்டர்ஸிடமிருந்து ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கி நியூயார்க் எடுத்துக்கொண்ட நேட் கிளிஃப்டன். யார் ‘முதல்’ என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டதில் கூப்பர் முதல். களத்தில் இறங்கியதில் லாயிட் முதல், அக்டோபர் 31. கூப்பர் நவம்பர் 1. கிளிஃப்டன் நவம்பர் 4. வாஷிங்டனின் ஆட்டம் அட்டவணையில் ஒரு நாள் முன்னால் இருந்தது, அவ்வளவுதான். யாரோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்த அட்டவணை வரலாற்றில் ‘முதல்’வரைத் தீர்மானித்துவிட்டது. குமாஸ்தா என்கிற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. மூன்று பேரை ஓட்டப்பந்தயத்தில் விட்டு யார் முதல் என்று பார்ப்பது யாருக்குப் பயன்படுகிறது? நாலாவது ஆள் எப்போது வந்தான் என்று கேட்காமலிருக்க விரும்புகிறவர்களுக்குத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே போன கூப்பருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?

கூடைப்பந்தில் கண்ணுக்குத் தெரிகிற வேலை ஒன்று உண்டு. பந்தை வாங்கி வளையத்துக்குள் போடுவது. புள்ளி ஏறும், பெயர் வரும், சம்பளம் கூடும். கண்ணுக்குத் தெரியாத வேலையும் உண்டு. எதிரணியின் பெரிய ஆளை மறிப்பது, இடி வாங்குவது, வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்துக்கு மோதிக்கொண்டு குதிப்பது, பிடித்த பந்தை இன்னொருத்தரிடம் கொடுப்பது. கல்லூரியில் நாடறிந்த ஆட்டக்காரராக இருந்த கூப்பருக்குக் கிடைத்தது இரண்டாவது வேலை. அவர் புள்ளி போடுவதற்கென்று ஆட்டத் திட்டம் வகுக்கப்படவில்லை. பின்னாளில் கூப்பரே இதைக் கசப்போடு சொன்னார். முதல் வருசம் 66 ஆட்டங்களில் சராசரி 9.3 புள்ளி எடுத்தார். பாஸ்டனில் இருந்த நாலு வருசத்தில் அது தேய்ந்துகொண்டே போனது. 1954இல் மில்வாக்கிக்கு விற்றார்கள். 1956இல் ஃபோர்ட் வெயின் அணியோடு என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. மொத்தம் ஆறு பருவம், 409 ஆட்டம், சராசரி 6.7 புள்ளி.

அந்த 6.7ஐ எடுத்து நீட்டி, ‘சாதாரண ஆட்டக்காரர்தானே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. எண் பொய் சொல்லாது என்பார்கள். எண் பொய் சொல்லாதுதான். ஆனால் எண்ணுக்கு முன்னால் நடந்ததையும் அது சொல்லாது. பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல் எத்தனை முறை வளையத்தில் போட்டாய் என்று கேட்பது என்ன கணக்கு? கூப்பர் மாபெரும் ஆட்டக்காரராக வந்திருப்பார் என்று நான் சாதிக்க வரவில்லை. வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பையே தராமல் விட்டார்கள் என்பதுதான் என் வழக்கு.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், நானும் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் சேர்ந்த கிளையில் முதல் மூன்று வருசம் டெஸ்பாட்ச். தபால் ஒட்டுறது, பதிவேட்டில் ஏத்துறது. அப்புறம் கேஷ் கவுண்டர். கடன் பிரிவு மேசைக்கு என்னை மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். ‘பாக்கலாம் தம்பி, தேவைப்பட்டா கூப்பிடறோம்’ என்றார் மேலாளர். தங்கமான மனுசர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்புறம் பதவி உயர்வு நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ‘கடன் பிரிவில் அனுபவம் உண்டா?’ இல்லை என்றேன். குறித்துக்கொண்டார்கள். என்னுடைய 6.7 அன்றைக்குத்தான் எழுதப்பட்டது.

சகமனிதர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1952இல் வட கரோலினாவின் ராலே நகரில் பாஸ்டன் அணிக்கு ஆட்டம். அணி தங்கும் விடுதியில் கூப்பருக்கு இடமில்லை. கறுப்பர் விடுதியில் தனியாகப் போய்ப் படுக்க அவர் தயாரில்லை. ஆட்டம் முடிந்ததும் இரவு ரயிலிலேயே கிளம்பிவிடுகிறேன் என்றார். பாப் கூசி என்ற வெள்ளை ஆட்டக்காரர், அணியின் நட்சத்திரம், நானும் வருகிறேன் என்று கூடவே கிளம்பினார். ரயில் நிலையத்தில் கழிப்பறைக்குப் போனால் வாசலில் பலகை: வெள்ளையர் தனி, கறுப்பர் தனி. இரண்டு பேரும் எந்தக் கதவுக்குள்ளும் போகவில்லை. நடைமேடையின் ஓரத்துக்கு நடந்துபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிறுநீர் கழித்தார்கள். கூசி இதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, வெள்ளைக்காரனாக இருப்பதே வெட்கமாக இருந்தது என்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறார். நட்பு என்றால் இதுதான். கட்டுரை எழுதி அனுதாபப்படுவதைவிட அந்த ரயில் டிக்கெட் பெரிது. ஆனாலும் மறுநாள் காலையில் அந்தப் பலகை அங்கேயேதான் இருந்தது. நட்பால் பலகை இறங்காது. அதற்குச் சட்டமும் வீதிப் போராட்டமும் வேண்டியிருந்தது. 1964 வரை ஆனது.

அதே 1964 டிசம்பரில்தான், பாஸ்டன் செல்டிக்ஸ் அணி ஐந்து கறுப்பர்களை வைத்து ஓர் ஆட்டத்தைத் தொடங்கியது. என்.பி.ஏ.வில் அதுவே முதல்முறை. ஒருவரிலிருந்து ஐந்து பேருக்கு வர 14 வருசம். இடைப்பட்ட காலத்தில் ஓர் அணிக்கு இத்தனை கறுப்பர் போதும் என்று எழுதப்படாத கணக்கு ஒன்று இருந்தது. ஒதுக்கீட்டைத் திட்டுகிற ஊர்தான், ஆனால் மேல் வரம்பு வைக்கிற ஒதுக்கீடு என்றால் மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இருப்பதில்லை.

இனி விருதுக் கணக்கைப் பாருங்கள். கூடைப்பந்தின் புகழ்மண்டபம் என்று ஒன்று ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருக்கிறது. கதவைத் திறந்த வால்டர் பிரவுனுக்கு அங்கே 1965இல் இடம் கிடைத்தது. மிரட்டிய சேப்பர்ஸ்டீனுக்கு 1971இல். உள்ளே நடந்து போன லாயிட்டுக்கு 2003இல். கிளிஃப்டனுக்கு 2014இல். கூப்பருக்கு 2019இல். கிளிஃப்டன் ஆட்டம் ஓய்ந்த பிறகு சிகாகோவில் டாக்சி ஓட்டினார். 1990இல் டாக்சியிலேயே செத்துப்போனார். கூப்பர் 1984இல் 57 வயதில் இறந்தார். அவர் செத்து 35 வருசம் கழித்து மாலை வந்தது. கதவுக்காரனுக்கும் உள்ளே போனவனுக்கும் நடுவே 54 வருசம். பெருந்தன்மைக்கு உடனே ரசீது கிடைக்கிறது, உழைப்புக்குக் கிடைப்பதில்லை.

ஆனால் கூப்பர் அந்த மாலைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். ஆட்டம் முடிந்ததும் மறுபடி படிக்கப் போனார். 1961இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம். பிட்ஸ்பர்க் திரும்பி நகரத்தின் பூங்கா, பொழுதுபோக்குத் துறைக்குத் தலைவரானார். அந்த நகராட்சியில் ஒரு துறைக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பர் (மறுபடியும் ‘முதல்’!). பிறகு பிட்ஸ்பர்க் நேஷனல் வங்கியில் அதிகாரி. கறுப்பர்களை வேலைக்கு எடுப்பது, பின்தங்கிய வட்டாரங்களை முன்னேற்றுவது சம்பந்தமான பொறுப்பு. அமெரிக்க நகரங்களின் வரைபடத்தில் கறுப்பர் குடியிருப்புகளைச் சிவப்பில் அடையாளமிட்டு, அங்கே கடன் கொடுக்காதே என்று 1930களிலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு வட்டாரத்தில் வைப்புத்தொகை வாங்குகிற வங்கி அங்கே கடனும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1977இல்தான். பந்தைப் பிடித்து இன்னொருத்தர் கையில் கொடுத்தே ஆறு பருவம் ஆடிய மனிதர், கடைசியில் யார் கைக்கு வேலை, எந்தத் தெருவுக்குக் கடன் என்று கேட்கிற நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொன்றும் சொன்னார் கூப்பர். பேஸ்பாலில் 1947இல் தனியாளாக நுழைந்து அத்தனை வசவையும் தாங்கிய ஜாக்கி ராபின்சனோடு தம்மை ஒப்பிட வேண்டாம், ராபின்சனுக்குப் பிறகு எந்த விளையாட்டுக்கு வந்தவனுக்கும் பாதை எளிதாகவே இருந்தது என்றார். தனக்கு விழுந்த ‘முதல்’ மாலையைக் கழற்றி முன்னால் போனவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

அதனால் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘முதல்’வர்களைக் கொண்டாடுங்கள். நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மாலை வாங்கக் கடைக்குப் போகும்போது கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வாருங்கள். அதில் மூன்று கேள்வி எழுதுங்கள். இவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள்? என்ன வேலை கொடுக்கவில்லை? இரண்டாவது ஆள் எந்த வருசம் வந்தார்? வருசத்துக்கு ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். நம்முடைய 6.7ஐ அவர்கள் எடுத்துக் காட்டும்போது, பக்கத்தில் வைக்க நம்மிடம் அந்த நோட்டு இருக்க வேண்டும்.

என்னுடையதை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்தில் இருப்பது: ‘டெஸ்பாட்ச், மூன்று வருசம்.’